பொன் கடிகாரம் 1 கோடி: வாழ்க்கை விளையாட்டுகளில் பொருள்களின் விலை நியாயமானதுதானா?

பென்னாகரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வீடு கட்டுவது, பயிர் வைப்பது, மீன் பிடிப்பது, ஊர்க்காரர்களோடு பழகுவது என்று நிதானமாகப் போகும் விளையாட்டுகளை இந்தக் குழுவில் பலர் ஆடுகிறீர்கள் என்பதால், வெகுநாளாக மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் மந்திரவாதியிடம் கிடைக்கும் பொன் கடிகாரத்தின் விலை 1 கோடி தங்கம். ஆட்டம் தொடங்கும்போது நம் கையில் இருப்பது 500 தங்கமும் 15 பார்ஸ்னிப் விதைகளும் மட்டுமே. அவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கிய கடிகாரம் நமக்காகச் செய்யும் வேலை என்னவென்றால், நிலத்தில் களையும் கல்லும் சேராமலும் வேலி இற்றுப் போகாமலும் பார்த்துக்கொள்வதுதான். இதோடு, நம்மை நொடியில் வேறிடம் கொண்டுசேர்க்கும் நான்கு தூபிகள் வேறு இருக்கின்றன. இரண்டு தலா 5 லட்சம், இரண்டு தலா 10 லட்சம், ஆக 30 லட்சம். தீவில் குடியேறி வாழும் விளையாட்டான அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸும் இதற்குச் சளைத்ததில்லை. என் அத்தை மகனின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில் ஆடிப் பார்த்தேன். அரச கிரீடம் 12 லட்சம் பெல் (அங்கே புழங்கும் பணம்), பெரிய பியானோ 2,60,000 பெல்; குடியேறும்போது கட்டும் முதல் தொகையை விட்டுவிட்டாலும், வீட்டை முழுதாகப் பெரிதாக்க வாங்கும் கடன்கள் மட்டும் 56,96,000 பெல்.

மன அமைதிக்காகத்தான் இத்தகைய விளையாட்டுகளுக்கு வருகிறோம். அங்கேயும் விலைப்பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருப்பது நியாயமா? உங்கள் கருத்துகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

---

பாலக்கோடு மண்டி

தம்பி, உங்கள் கணக்கில் செலவு மட்டுமே இருக்கிறது. வரவையும் எழுதிப் பார்த்தால் அந்த 1 கோடி வேறு மாதிரி தெரியும்.

எங்கள் குடும்பம் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறது. விடியற்காலையில் வண்டிகளிலிருந்து பெட்டிகளை இறக்கும்போதே, வரத்தைப் பார்த்து அன்றைய விலை எங்கே நிற்கும் என்று அப்பா சொல்லிவிடுவார். வரத்து கூடினால் விலை சரியும். பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது என்று தெரிந்துவிட்டால், விவசாயி பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு மாட்டை அவிழ்த்து விடுவார். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், அரசு தலையிட்டு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்ததும் இதே தக்காளிக்குத்தான்.

ஸ்டார்டியூ வேலியிலும் சாதாரணத் தரத் தக்காளி ஒன்றின் விலை 60 தங்கம் என்பது வெறும் தற்செயல். ஆனால் அந்த 60 என்றைக்கும் இறங்காது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பழத்தைக் கொண்டுபோனாலும் ஆயிரம் பழத்தைக் கொட்டினாலும் ஊர்க் கடைக்காரரான பியரிடம் அதே விலைதான். வரத்து அதிகம் என்று எவரும் முகம் சுளிப்பதில்லை, கமிஷன் பிடிப்பதில்லை, மறுநாள் வா என்று திருப்பி அனுப்புவதுமில்லை. இரவு விற்பனைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் பணம் வந்துவிடும். அந்தப் பணம் எவருடைய பையிலிருந்தும் வருவதில்லை, நாம் விற்கும் கணத்திலேயே புதிதாகப் பிறக்கிறது.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். பசுமைக்குடிலில் தானாக நீர் ஊற்றும் இரிடியம் தெளிப்பான்களை வைத்த பிறகும் 116 செடிகள் நடலாம். பழங்காலப் பழத்தை நட்டால் 7 நாளுக்கு ஒரு முறை காய்க்கும். அதை ஒயினாக்கி, இத்தகைய பொருளுக்குக் கூடுதல் விலை தரும் கைவினைஞர் திறனும் இருந்தால் ஒன்று 2,310 தங்கத்துக்குப் போகும். வாரத்துக்கு 2,67,960. 28 நாள் பருவத்துக்கு 10,71,840. வெளி நிலத்தில் ஒரு விதைகூடப் போடாமல், இந்த ஒரு குடிலை மட்டும் வைத்துக்கொண்டே ஒன்பது பருவங்கள் முடிந்து பத்தாவது தொடங்கிய இரண்டு வாரத்தில் பொன் கடிகாரம் வந்துவிடும். ஆட்டத்தில் பிற்பாடு திறக்கும் ஜிஞ்சர் தீவிலும் பயிர் வைத்தவருக்கு அவ்வளவு காலமும் தேவைப்படாது.

ஆகவே, இப்படி ஊறிக்கொண்டே இருக்கும் பணம் வடிவதற்கு ஏதாவது ஒரு வழி வேண்டும். கடிகாரத்துக்கு 50,000 என்று விலை வைத்திருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே எல்லாரும் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு எதற்காக விதைக்கிறோம் என்று தெரியாமல் ஆட்டத்தை மூடியிருப்பார்கள். தச்சர் ராபின் கடையில் முதல் ஆண்டு 10 தங்கத்துக்கு விற்கும் மரத்துண்டு இரண்டாம் ஆண்டில் 50 ஆவதும், 20 தங்கக் கல் 100 ஆவதும் இதே காரணத்தால்தான் என்பது என் எண்ணம். நம் பை கனத்துவிட்டது என்று ஆட்டத்தைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

---

ஓசூர் ஷிப்ட்

மண்டிக்கார அண்ணாவின் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் ஓடி முடிய ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். ஒன்பது பருவங்கள் என்றால் எத்தனை மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள். ஆலையில் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் இன்னொரு ஷிப்ட் பார்க்க எனக்கு விருப்பமில்லை. நான் ஆடும் மொபைல் விளையாட்டில் கொஞ்சம் ரூபாய் கட்டினால் வேண்டிய பொருள் உடனே கைக்கு வருகிறது. என் பணத்தைக் கொடுத்து என் நேரத்தை மீட்டுக்கொள்கிறேன்; இதில் என்ன தவறு?

---

பர்கூர் வீடுகட்டி

நான் ஆடுவது, 'சிம்' எனும் மனிதர்களை வாழவைக்கும் தி சிம்ஸ் 4 என்பதால் அந்தப் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன்.

அங்கே ஒரு புதிய சிம் 20,000 சிமோலியனோடு ஊருக்குள் நுழையும். மனை வாங்கி, நான்கு சுவர் எழுப்பி, அடுப்பும் கட்டிலும் கழிவறையும் வைப்பதற்குள் கை காலியாகிவிடும். சுவரை முடிக்கக் காசில்லாமல் மழையில் நனைந்த சிம்களை நான் வளர்த்திருக்கிறேன். வீட்டின் மதிப்பு ஏற ஏற வாரந்தோறும் வரும் கட்டணச் சீட்டும் ஏறும் என்பதால், பெரிய வீடு கட்டியவர் அதைத் தாங்குவதற்கும் சம்பாதிக்க வேண்டும். இந்தச் சிரமம் ஆட்டத்துக்கு அழகு என்றே நினைக்கிறேன். அப்படி நினைக்காதவருக்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். குறுக்குவழிப் பெட்டியைத் திறந்து 'மதர்லோட்' என்று அடித்தால் ஒவ்வொரு முறையும் 50,000 சிமோலியன் வரும். 'ரோஸ்பட்' என்று அடித்தால் 1,000. யாரும் தடுப்பதில்லை, அபராதமும் இல்லை. ஆட்டத்துக்குள் இருக்கும் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அதை ஏற்பதும் தள்ளிவிடுவதும் ஆடுபவர் விருப்பம்.

என்னை உறுத்துவது அந்த விளையாட்டின் கடைவாசல் விலைதான். 2014-இல் வெளியான மூல விளையாட்டை 2022 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டார்கள். ஆனால் விரிவாக்கத் தொகுப்பு ஒன்று 39.99 டாலர், அதற்கு அடுத்த நிலைத் தொகுப்பு 19.99 டாலர், ஒரு சிறு அறைகலன் தொகுதி 4.99 டாலர் என்று விலைப்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்தவை அனைத்தையும் தள்ளுபடியின்றி வாங்கினால் 1,000 டாலரைத் தாண்டும். 39.99 டாலரை ரூபாயாக்கினாலே 3,000-க்கு மேல். நம் மாவட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த நாள் ஊதியம் 336 ரூபாய். நாய் பூனை வளர்க்க ஒரு தொகுப்பு, மழையும் வெயிலும் மாற இன்னொரு தொகுப்பு என்று பிரித்து விற்பதைப் பார்க்கும்போது, பருவகாலம்கூடத் தனி விலைக்குத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

பென்னாகரத்துத் தம்பி கவலைப்பட வேண்டியது சிமோலியனையும் பெல்லையும் பற்றி அல்ல. டாலரையும் ரூபாயையும் பற்றி என்பது என் தாழ்மையான கருத்து.

---

காவேரிப்பட்டணம் நிரலர்

வீடுகட்டி அக்கா தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். ஒரு பொருளின் விலை அதிகமா குறைவா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த விலையை எட்டுவதற்கு விட்டிருக்கும் பாதை எத்தகையது, அந்தப் பாதையை அமைத்தவருக்கு நாம் தாமதமாவதால் இலாபம் உண்டா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற ஒருவரே நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அன்று வாங்கியவர், 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பு வரை எல்லாப் புதுப்பிப்புகளையும் கூடுதல் கட்டணமின்றிப் பெற்றிருக்கிறார். ரூபாயைக் கொடுத்து அங்கே தங்கம் வாங்கவே முடியாது. நீங்கள் பொன் கடிகாரத்தை நாளை வாங்கினாலும், ஓராண்டு கழித்து வாங்கினாலும், வாங்காமலே விட்டாலும் பரோனுக்கு ஒரு பைசா கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே அந்த 1 கோடியை அவர் நிர்ணயித்தபோது, ஆட்டம் எவ்வளவு நேரம் சுவையாக இருக்கும் என்பது ஒன்றுதான் அவர் முன்னால் இருந்திருக்க முடியும்.

இலவசமாகப் பதிவிறங்கும் மொபைல் விளையாட்டுகளில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலும் இரண்டு வகைப் பணம் இருக்கும். ஒன்று உழைத்தால் கிடைப்பது. மற்றொன்று எப்போதாவது சொட்டுச் சொட்டாகக் கிடைப்பது, அல்லது ரூபாய்க்கு வாங்குவது. தி சிம்ஸ் ஃபிரீபிளேயில் ஊருக்குள் வீடுகள் பெருகப் பெருக, அடுத்த வீட்டுக்கான செலவும் ஏறும், கட்டி முடிக்கும் நேரமும் நீளும். அந்த நேரமும் நம் கடிகாரத்தின் உண்மையான மணிக்கணக்கு. காத்திருக்க மனமில்லாதவர் சிறப்புப் புள்ளிகளைச் செலவிட்டு உடனே முடிக்கலாம். விலையை நிர்ணயிப்பவரும், அந்த விலையைத் தாண்டிப் போகச் சீட்டு விற்பவரும் ஒருவரே.

ஓசூர் நண்பர் தம் நேரத்தை மீட்டுக்கொள்வதாக எழுதியிருந்தார். அவருக்கு நேரம் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தை முதலில் எடுத்துக்கொண்டதே அந்த விளையாட்டுதான். இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2017 நவம்பரில் வந்த அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப் என்ற மொபைல் விளையாட்டில் 'இலைச் சீட்டு' என்று உண்மையான பணத்துக்கு விற்கும் விளையாட்டுப் பணம் இருந்தது, அரிய அறைகலன்களும் நேரக் குறைப்பும் அதற்கே கிடைத்தன. சீட்டுக் குலுக்கல் போன்ற விற்பனை முறைக்குப் பெல்ஜியம் கெடுபிடி காட்டியதால் 2019 ஆகஸ்டில் அந்த நாட்டில் மட்டும் சேவையை நிறுத்தினார்கள். பிறகு 2024 நவம்பரில் எல்லா நாடுகளிலும் இணையச் சேவையை முடித்துக்கொண்டு, ஒரே முறை பணம் கட்டி வாங்கும் முழுப் பதிப்பாக டிசம்பரில் வெளியிட்டார்கள். அறிமுக விலை 9.99 டாலர், பிறகு 19.99. அதில் இலைச் சீட்டு விற்பனை இல்லை. அந்த இடத்தில் ஆடியே ஈட்டும் வில்லைகள் வந்துவிட்டன. அதே கூடாரம், அதே விலங்குகள்தான். பழைய விலை ஆட்டத்துக்கு இன்றியமையாதது என்றால், அதை எடுத்த பிறகு ஆட்டம் நின்றுபோயிருக்க வேண்டும் அல்லவா?

---

ஓசூர் ஷிப்ட்

நிரலரின் சான்று வலுவானதுதான். ஆயினும் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார். முழு விலை கொடுத்து ஒரு விளையாட்டை வாங்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் அந்த இலவச விளையாட்டுகளை ஒரு ரூபாயும் கட்டாமல் ஆடுகிறார்கள்? சர்வர் வாடகை, புதிய பொருள்களை வரைபவர்களின் சம்பளம் எல்லாவற்றையும் என்னைப் போல அவ்வப்போது கட்டுபவர்கள்தான் சுமக்கிறோம். எல்லாவற்றையும் ஸ்டார்டியூ வேலி போல் முன்பணம் வாங்கி விற்றால், பணம் இருப்பவர் மட்டுமே உள்ளே வர முடியும். பாக்கெட் கேம்பும் ஏழாண்டுகள் இலவசமாக ஓடிய பிறகுதான் விலைக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

காவேரிப்பட்டணம் நிரலர்

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இலவச விளையாட்டு வருமானம் ஈட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொப்பி, சட்டை, வீட்டுச் சுவருக்கு வண்ணம் என்று அழகுப் பொருள்களை, ரூபாயில் விலை எழுதி, எப்போதும் கிடைக்கும்படி விற்றால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இயல்பாக ஐந்து நிமிடத்தில் முடியும் வேலையை எட்டு மணி நேரத்துக்கு இழுத்துவிட்டு, அந்த இழுவையை நீக்குவதற்கு விலை கேட்பதைத்தான் கண்டிக்கிறேன்.

---

மத்திகிரி அம்மா

நான் விளையாட்டுகளை ஆடுபவள் அல்ல; என் மகளால் இந்த இழையைப் படிக்க நேர்ந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் என் கைப்பேசியில் ஒரு பண்ணை விளையாட்டை ஆடுவாள். அது இலவசம் என்றுதான் அனுமதித்தேன். மாதக் கடைசியில் அட்டைக் கணக்கைப் பார்த்தபோது, சிறு சிறு தொகைகளாகப் பல முறை போயிருந்தது தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டால், தான் செலவழித்தது பணமே அல்ல, விளையாட்டுக்குள் செல்லும் 'மணிகள்'தான் என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. திரையை நானே பார்த்தேன். குதிரைக் கொட்டகைக்கு 300 மணி என்று எழுதியிருக்கிறதே தவிர, ரூபாய் என்ற சொல்லே எங்கும் இல்லை. மணிகள் வாங்கும் பக்கத்தில் 250 மணி மூட்டை ஒன்று, 700 மணி மூட்டை ஒன்று. 300 வேண்டுமென்றால் பெரிய மூட்டையைத்தான் வாங்க வேண்டும். மீதி 400 எதற்கும் முழுதாகப் போதாமல் நிற்கிறது. மேலே ஒரு கடிகாரம் ஓடுகிறது, 'இன்னும் இரண்டு மணி நேரத்தில் சலுகை முடிகிறது' என்று. மறுநாள் பார்த்தால் அதே சலுகைக்கு அதே கடிகாரம் மீண்டும் ஓடுகிறது.

பெரியவர்களான நீங்கள் 1 கோடி தங்கம் நியாயமா என்று விவாதிப்பது எனக்குப் புரிகிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு 300 மணி எத்தனை ரூபாய் என்று சொல்லாமலே விற்பதை என்னவென்று சொல்வது? இதற்கு எங்கேனும் முறையிட வழி உண்டா?

---

காவேரிப்பட்டணம் நிரலர்

அக்கா, நீங்கள் எழுதியதில் இரண்டு தந்திரங்கள் இருக்கின்றன. இரண்டையும் அரசுகள் கவனித்திருக்கின்றன.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணைய விற்பனையில் நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்தது. அதில் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். முதலில் இருப்பதே பொய்யான அவசரம். நாள்தோறும் புதிதாகத் தொடங்கும் உங்கள் சலுகைக் கடிகாரம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதியலாம். அதற்கு முன் ஆப் கடையின் கொள்முதல் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கொள்முதலுக்கும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிள்ளை அனுமதியின்றி வாங்கியது என்று காரணம் எழுதுங்கள். அதிக நாள் கடத்தினால் கிடைக்கும் வாய்ப்பு குறையும் என்பதால் இன்றே செய்துவிடுங்கள்.

மூட்டைக் கணக்கு ஐரோப்பாவிலும் பெரிய பிரச்சினையாகியிருக்கிறது. குதிரை வளர்க்கும் பிள்ளைகள் விளையாட்டான ஸ்டார் ஸ்டேபிள் ஆன்லைனை நடத்தும் சுவீடன் நிறுவனத்தின் மீது நடவடிக்கை தொடங்கியபோதே, 2025 மார்ச்சில், ஐரோப்பிய நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் விளையாட்டுப் பணத்துக்கான பொது நெறிகளையும் வெளியிட்டன. பொருளின் விலையை உண்மையான பணத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும், வேண்டாத அளவுக்கு மணிகளை வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் அடக்கம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில், தெரியாமல் கொள்முதலாகிவிடும்படி பொத்தான்களை அமைத்த குற்றச்சாட்டில், ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

இனிமேலாவது கைப்பேசியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். மகளுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் குடும்பக் கண்காணிப்பில் சேர்த்தால் அவள் வாங்க நினைப்பது உங்கள் ஒப்புதலுக்கு வரும். அட்டையின் எண்ணை அந்தக் கைப்பேசியில் சேமித்து வைக்காமல் இருப்பது எல்லாவற்றிலும் நல்லது.

---

நெறியாளர்

ஒரு குறிப்பு: பணம் கட்டிப் பணம் வெல்லும் சூதாட்டச் செயலிகள், 2025-ஆம் ஆண்டு மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் ஆகியவற்றைப் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். இங்கே வாழ்க்கை விளையாட்டுகளில் பொருள்களின் விலை மட்டும்.

---

பென்னாகரத்தான்

எல்லாருக்கும் நன்றி. மண்டிக்கார அண்ணா பணம் வடியும் வழியைப் பற்றிச் சொன்னது மனத்தில் ஏறியது. ஆனாலும் அனிமல் கிராசிங்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் மிச்சமிருக்கிறது. அங்கே ஒரு நாற்காலியை வாங்கி உடனே திருப்பி விற்றால் கால்பங்கு விலைதான் கொடுக்கிறார்கள். வங்கியில் போட்டாலாவது பெருகும் என்று பார்த்தால், 2020 ஏப்ரல் புதுப்பிப்பில் வட்டியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, ஒரு முறைக்குக் கிடைக்கும் வட்டியின் உச்சவரம்பையும் 99,999 பெல்லிலிருந்து 9,999 ஆக்கிவிட்டார்கள். விலை அப்படியே இருக்க வருமானத்தை மட்டும் வெட்டுவது எந்த ஊர் நியாயம்?

---

பாலக்கோடு மண்டி

அந்த வட்டிக் குறைப்புக்குக் காரணம் ஆடுபவர்களே. ஸ்விட்சின் தேதியை முன்னே தள்ளி வைத்து, உட்கார்ந்த இடத்தில் பல ஆண்டு வட்டியை அள்ளினார்கள். அப்படி வந்த பணத்தில் 12 லட்சக் கிரீடம் வாங்கினால், அந்தக் கிரீடத்துக்கு என்ன மதிப்பு? ஆனால் தேதியைத் தொடாமல் சேமித்தவரும் அதே வெட்டுக்கு ஆளானார் என்பதில் உங்கள் மனத்தாங்கல் நியாயமானதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வீட்டுக் கடனுக்கு வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை, வாசலில் வந்து நிற்பவரும் இல்லை. 24,98,000 பெல் கடைசிக் கடனை நீங்கள் பத்தாண்டு கழித்துக் கட்டினாலும் கடன் கொடுத்த டாம் நுக் ஒரு சொல் கேட்கமாட்டார். இப்படிப்பட்ட கடன்காரர் தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் இருந்தால் அவர் வாசலில் கூட்டம் தாங்காது. மிரட்டாத கடனும் அவசரப்படுத்தாத விலையும் எத்தனை பெரிதாக இருந்தாலும் மன அமைதியைக் கெடுக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

சம்பாதிக்க வழியும் அங்கேயே இருக்கிறது. ஞாயிறு காலையில் டெய்சி மே என்ற வியாபாரி 90 முதல் 110 பெல் வரையிலான விலைக்கு டர்னிப் கிழங்கு விற்பாள். திங்கள் முதல் சனி வரை கடையில் நாளுக்கு இரண்டு விலை. அடுத்த ஞாயிறு வந்தால் கிழங்கு அழுகிவிடும். ஏறினால் விற்பதா, இன்னும் ஏறும் என்று காத்திருப்பதா என்ற அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகவே பழக்கமானது. நீங்கள் குறிப்பிட்ட விளையாட்டுகளிலேயே, விற்கிற விலை நிலையில்லாமல் ஆடுவது இந்தக் கிழங்குக்குத்தான். எனக்கு அதில்தான் ருசி.

பொன் கடிகாரத்துக்கு மட்டும் ஒரு யோசனை. ஸ்டார்டியூ வேலியை எவ்வளவு முடித்தோம் என்று காட்டும் நிறைவுச் சதவீதத்தில் கடிகாரத்தின் பங்கு 10. தூபிகளின் பங்கு 4. 1.6 பதிப்பில் ஜிஞ்சர் தீவில் ஃபிஸ் என்பவர் 5 லட்சம் தங்கத்துக்கு ஒரு சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறார். 10 சதவீதம் என்றால் 50 லட்சம். கடிகாரத்தின் விலையில் சரிபாதி. உங்களுக்கு வேண்டியது நூறு என்ற எண் மட்டும்தான் என்றால் அவரிடம் போங்கள். கடிகாரமே நிலத்தில் நிற்க வேண்டும் என்றால் மீதி 50 லட்சம் அந்த ஆசைக்கான விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

பென்னாகரத்தான்

ஃபிஸ்ஸைப் பற்றித் தெரியாமலே மேலே அவ்வளவு புலம்பியிருக்கிறேன். என்றாலும் கடிகாரத்தையே வாங்கப் போகிறேன் அண்ணா. பாதி விலை இருப்பது தெரிந்த பிறகு முழு விலைதான் கவர்ச்சியாக இருக்கிறது.

---

மத்திகிரி அம்மா

நிரலர் தம்பி சொன்னபடி கடவுச்சொல்லை அமைத்துவிட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்டும் எழுதியிருக்கிறேன். நீங்கள் பேசும் ஸ்டார்டியூ வேலி கைப்பேசியில் கிடைக்குமா? அதிலும் மணி, மூட்டை என்று ஏதாவது இருக்கிறதா? மகள் வந்து நின்றுகொண்டு, முதலில் எதை வாங்கலாம் என்றும் கேட்கச் சொல்கிறாள்.

---

பாலக்கோடு மண்டி

கிடைக்கும் அம்மா. ஐபோனுக்கு 2018-லும் ஆண்ட்ராய்டுக்கு 2019-லும் வந்துவிட்டது. ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும். உள்ளே மணியும் இல்லை, மூட்டையும் இல்லை, விளம்பரமும் இல்லை.

மகளிடம் சொல்லுங்கள்: முதல் பெரிய செலவு முதுகுப்பையாக இருக்கட்டும். பியர் கடையில் 2,000 தங்கம், இடம் இரட்டிப்பாகும். அடுத்த பெரிய பை 10,000, அதற்கு இப்போது அவசரமில்லை. வசந்தம் 13-ஆம் நாள் முட்டைத் திருவிழாவில் ஸ்ட்ராபெரி விதை ஒன்று 100 தங்கத்துக்கு விற்பார்கள். திருவிழா முடிந்து வீடு திரும்பிய அன்றிரவே நட்டுத் தண்ணீர் ஊற்றி, தினமும் தவறாமல் ஊற்றி வந்தால், பருவம் முடிவதற்குள் இரண்டு முறை பறிக்கலாம். பழம் ஒன்று 120 தங்கம். பையையும் வாங்கிவிட்டு விதைக்கும் பணம் மிச்சம் வைப்பது எப்படி என்பதை அவளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அதை நான் சொல்லிவிட்டால் அவள் ஆடுவதற்கு ஒன்றுமிருக்காது.